கைப்பேசியில் பந்தயம்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து ஒரு மாதம் முடிவதற்குள் சூதாட்டம் ஏதாவது ஒரு வழியில் உங்களைத் தேடி வந்துவிடும். அறையில் இருக்கும் நண்பர், "தம்பி, ஆளுக்கு அஞ்சு வெள்ளி போட்டு நம்பர் எடுப்போமா?" என்று கேட்பார் (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்). ஐபிஎல் தொடங்கினால் வாட்ஸ்அப் குழுவில் ஒரு இணைப்பு வரும். ஊரில் விளையாடிய ரம்மி ஆப் இன்னும் போனிலேயே இருக்கும். இதில் எது சட்டப்படி சரி, எது சிறைவரை கொண்டுபோகும், எது பேசாமல் சம்பளத்தைக் கரைக்கும் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. நம் ஆட்கள் அதைப் பட்டபிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

நீங்கள் சூதாடாதவர் என்றால் மிகவும் நல்லது, அப்படியே இருங்கள். ஆனாலும் மோசடி, கடன் பற்றிய பகுதிகளைப் படித்துவையுங்கள். உங்கள் அறையில் இருக்கும் யாருக்காவது ஒருநாள் அது தேவைப்படும்.

முதல் வேலை: எது சட்டப்படியானது என்று தெரிந்துகொள்வது

சிங்கப்பூரில் ஆன்லைனில் பந்தயம் கட்டச் சட்டம் திறந்துவைத்திருக்கும் கதவு ஒன்றே ஒன்றுதான்: சிங்கப்பூர் பூல்ஸ். கள்ளச் சூதாட்டத்தை ஒடுக்க 1968ல் அரசாங்கம் தொடங்கிய நிறுவனம் இது. ஆன்லைன் சேவைக்கு 2016ல்தான் அனுமதி கிடைத்தது. 4டி என்ற நான்கு இலக்க எண் குலுக்கல், டோட்டோ என்ற ஆறு எண் குலுக்கல், மாதம் ஒருமுறை வரும் சிங்கப்பூர் ஸ்வீப் குலுக்கல், கால்பந்து, கார் பந்தயம் ஆகியவை அங்கே உண்டு.

அங்கே இல்லாதவற்றைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கிரிக்கெட் இல்லை. காசு வைத்து ஆடும் ரம்மி இல்லை. போக்கர், ஸ்லாட், 'லைவ் கேசினோ' எதுவும் இல்லை. அப்படியென்றால் ஐபிஎல் மேட்ச் மீது பந்தயம் கட்டச் சிங்கப்பூரில் சட்டப்படி வழியே கிடையாது. 'கிரிக்கெட் ஐடி தருகிறேன்' என்று வரும் செய்தி எவ்வளவு பெரிய நிறுவனத்தின் பெயரில் வந்தாலும், எந்த நடிகரோ ஆட்டக்காரரோ விளம்பரத்தில் சிரித்தாலும், அது சட்டவிரோதம்தான். "அந்த நாட்டு லைசென்ஸ் இருக்கு" என்று சொல்வார்கள். வெளிநாட்டு உரிமத்துக்கு இங்கே மதிப்பில்லை. இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் போட்டு உள்ளே போனாலும் குற்றம் குற்றம்தான்.

2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கும் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், விளையாடுபவரையும் தண்டிக்கிறது. சட்டவிரோதத் தளத்தில் பந்தயம் கட்டினால் 10,000 வெள்ளிவரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அந்தத் தளங்களுக்காக ஆள்பிடிக்கும் ஏஜென்டுக்கு 2 லட்சம் வெள்ளிவரை அபராதமும் ஐந்து ஆண்டுவரை சிறையும். வெளிநாட்டு ஊழியருக்கு இதற்கும் மேல் ஒரு கவலை இருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று பெயரில் விழுந்தால் வேலை அனுமதியே கையைவிட்டுப் போகலாம். வேலை வாங்கித் தந்தவருக்குக் கட்ட வாங்கிய கடன் தீருமுன் ஊர் திரும்புவது என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

ஏஜென்ட் என்றால் பெரிய கும்பல் தலைவர் என்று நினைக்க வேண்டாம். "நாலு பேரைச் சேர்த்துவிடு, உனக்குக் கமிஷன்" என்று சொல்வார்கள். அதற்குச் சம்மதித்து நண்பர்களின் பந்தயத்தை வாங்கி மேலே அனுப்பும் பையன்தான் சட்டத்தின் கண்ணில் ஏஜென்ட். விளையாடுவதைவிட ஆபத்தான இடம் அது. அந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

இன்னொன்றைப் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் நேரில் உட்கார்ந்து சிறு தொகைக்குச் சீட்டாடுவதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அதே ஆட்டத்தை அதே நண்பர்களோடு ஆன்லைனில் ஆடினால் அந்த விலக்கு இல்லை. ஆன்லைனில் யார் யாருக்கு நண்பர் என்று கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் அரசாங்கம் சொல்லும் காரணம். அதனால் வாட்ஸ்அப் குழுவில் மேட்சுக்கு மேட்ச் காசு போட்டு நடத்தும் 'பூல்' விளையாட்டும் வேண்டாம்.

ஊரிலிருந்து வந்த போனில் பணம் வைத்து ஆடும் ஆப் இருந்தால் இன்றைக்கே நீக்கிவிடுங்கள். இந்தியாவிலும் இப்போது நிலைமை மாறியிருக்கிறது. காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. திறமை விளையாட்டு, அதிர்ஷ்ட விளையாட்டு என்ற வேறுபாட்டை அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. தடைக்குப் பிறகும் "நாங்க இன்னும் ஓடுறோம்" என்று கூப்பிடுகிறவர்கள் எந்த ஊர்ச் சட்டத்துக்கும் கட்டுப்படாதவர்கள். அவர்களிடம் போன காசை எங்கே போய்க் கேட்பீர்கள்?

கணக்குத் திறக்கத்தான் வேண்டுமா?

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வந்து ஒன்றிரண்டு ஆண்டுக்குள் இருப்பவர், ஊரில் கடன் இருப்பவர், ஆன்லைன் கணக்கே திறக்க வேண்டாம். எப்போதாவது ஆசைக்கு ஒரு டோட்டோ எடுக்க வேண்டுமா? கடைக்கு நடந்துபோய், வரிசையில் நின்று, கையில் இருக்கும் தாளை நீட்டி எடுங்கள். நடப்பது, நிற்பது, நோட்டு கையைவிட்டுப் போவதைப் பார்ப்பது, இவையெல்லாம் உங்களுக்குக் காவல். போனில் அந்தக் காவல் எதுவும் கிடையாது. இரவு பன்னிரண்டு மணிக்குப் படுத்துக்கொண்டே பணம் போடலாம்.

வயது விஷயத்தையும் பாருங்கள். பூல்ஸ் கடையில் சீட்டு வாங்க 18 வயது போதும். ஆன்லைன் கணக்குக்கும் கேசினோவுக்கும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கல்லூரிக்கு வந்திருக்கும் 19 வயதுப் பிள்ளைகள் அண்ணன் பெயரில், சீனியர் பெயரில் கணக்கை இரவல் வாங்குவது நடக்கிறது. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அது வினைதான்.

இதையெல்லாம் யோசித்தபிறகும் திறக்கிறீர்கள் என்றால், இணையத் தேடலில் வரும் விளம்பரத்தையோ யாரோ அனுப்பிய இணைப்பையோ அழுத்தாதீர்கள். அதிகாரபூர்வ இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். பூல்ஸ் பெயரையும் சின்னத்தையும் அப்படியே போட்ட போலித் தளங்கள் உலவுகின்றன. கணக்குத் திறக்கும்போது ஒரு நாளைக்கு எவ்வளவு பணம் போடலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்ற வரம்புகளை நீங்களே குறிக்க வேண்டியிருக்கும். கட்டாயமான படி என்பதால் பலர் கைக்கு வந்த பெரிய எண் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். அங்கேதான் நிதானிக்க வேண்டும். ஒரு நாளில் போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய தொகை எது? 10 வெள்ளி என்றால் 10 என்று போடுங்கள். தோற்றுப்போன ஒரு இரவில் உங்களைத் தடுக்கப்போவது, தெளிவாக இருந்தபோது நீங்கள் போட்ட அந்த எண் மட்டும்தான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

வரம்பைப் பற்றி எவ்வளவு பேசினாலும் கணக்கு புரியாதவரை மனது கேட்காது. 4டியை எடுத்துக்கொள்வோம். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒரு குலுக்கலில் 23 எண்களுக்குப் பரிசு. 'பிக்' பந்தயத்தில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,000 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 490. அடுத்த பத்து எண்களுக்குத் தலா 250, கடைசிப் பத்து எண்களுக்குத் தலா 60.

இப்போது ஒருவர் பத்தாயிரம் எண்களிலும் ஒவ்வொரு வெள்ளி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பரிசும் அவருக்கே. மொத்தம் எவ்வளவு வரும்? 2,000, 1,000, 490, அப்புறம் 2,500, 600. கூட்டினால் 6,590 வெள்ளி. போட்டது 10,000. எல்லாப் பரிசையும் அள்ளியவரே 3,410 வெள்ளி நஷ்டத்தில் நிற்கிறார். நீங்கள் போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாகத் திரும்பி வருவது 66 காசு. 'ஸ்மால்' பந்தயத்தில் முதல் மூன்று எண்களுக்கு மட்டும்தான் பரிசு: 3,000, 2,000, 800. அங்கே 58 காசு. பரிசுத் தொகை பெரிதாகத் தெரிவதால் ஸ்மால் லாபம் என்று சொல்வோர் உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

டோட்டோவில் விற்பனைத் தொகையில் நூற்றுக்கு 54 பங்குதான் பரிசுக்குப் போகிறது. 49 எண்களில் ஆறையும் சரியாகச் சொல்ல 13,983,816ல் ஒரு வாய்ப்பு. சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 60 லட்சம். அதில் ஒருவரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு சரியாகத் தொடுவதைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல் கடினம். சீனப் புத்தாண்டு சமயத்தில் பெரிய பரிசுக் குலுக்கல் வரும், கடைகளில் வரிசை தெருவரை நீளும். பரிசு பெருக்கிறதே தவிர அந்த வாய்ப்பு ஒரு துளிகூட மாறுவதில்லை. வாங்குவோர் கூடுவதால், விழுந்தாலும் பலரோடு பங்கிட வேண்டிவரலாம்.

வாரம் மூன்று குலுக்கலுக்கும் தலா 10 வெள்ளி போடும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். நம் ஆட்களில் இது சாதாரணம். ஆண்டுக்கு 1,560 வெள்ளி. பிக் பந்தயத்தில் சராசரியாக 530 வெள்ளி போல இழப்பார், ரூபாயில் 30,000க்கு மேல். அதுவும் சராசரிதான். பெரிய பரிசு விழாத ஆண்டில் இழப்பு இதைவிடக் கூடும்.

கனவில் வந்த எண், விபத்தில் சிக்கிய வண்டியின் எண், பிள்ளை பிறந்த தேதி என்று எண் தேடுவது இங்கே எல்லா இனத்தாரிடமும் உள்ள வழக்கம். சில எண்களை எல்லோரும் ஒன்றாக வாங்கப்போய் அவை விற்றுத் தீர்ந்துவிடுவதும் உண்டு. ஆசைக்கு எடுப்பதில் ஒன்றுமில்லை. ஆனால் குலுக்கும் இயந்திரத்துக்குப் போன வாரம் வந்த எண் நினைவில் இருக்காது. "ரொம்ப நாளா வரல, இனி வந்தே ஆகணும்" என்ற நினைப்பு உங்கள் செலவை மட்டுமே கூட்டும்.

வேகம்தான் விஷம்

4டி குலுக்கல் புதன், சனி, ஞாயிறு. டோட்டோ திங்கள், வியாழன். முடிவுக்கு மாலைவரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் மனது ஆறும், பசி எடுக்கும், வேலைக்குப் போவோம். சட்டவிரோத ஆப்களில் வரும் ஸ்லாட், 'விமானம் பறக்கும்' ஆட்டம், கலர் சொல்லும் ஆட்டம் ஆகியவற்றில் அந்த இடைவெளியே இல்லை. மூன்று விநாடிக்கு ஒரு சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 1,200 சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு வெள்ளி, நூற்றுக்கு ஐந்து மட்டும் தளத்துக்குப் போகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், மணிக்கு 60 வெள்ளி கழிகிறது. பல ஊழியர்களுக்கு அது ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகம். உண்மையில் அந்தத் தளங்கள் எவ்வளவு எடுத்துக்கொள்கின்றன என்று சோதிக்க எந்த அதிகாரியும் இல்லை.

ஏறக்குறைய ஜெயித்துவிட்டோம் என்ற உணர்வைத் திரும்பத் திரும்பத் தருவதற்காகவே அந்த ஆட்டங்களைக் கட்டியிருக்கிறார்கள். மூன்றில் இரண்டு படம் பொருந்தும், மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நிற்கும். மனது அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது, இன்னொரு தடவை என்று தூண்டும். புத்தியும் படிப்பும் உள்ளவர்கள்கூட இதில் மாட்டுகிறார்கள். அவர்களை முட்டாள் என்று திட்டுவதால் ஒருவருக்கும் பயனில்லை.

சம்பள நாளில் செய்ய வேண்டிய வரிசை

பணம் கணக்கில் விழுந்த அன்றே இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் வீட்டுக்கு அனுப்புவது. "மாசக் கடைசியில் அனுப்பிக்கலாம், ரேட் ஏறும்" என்று காத்திருக்கும் பணம்தான் பெரும்பாலும் பந்தயத்தில் போகிறது. அடுத்து சாப்பாடு, போன், கடன் தவணை. அப்புறம் சேமிப்பு. இங்கே உள்ள பெரிய வங்கிகள் 2023 இறுதியிலிருந்து பணத்தைப் 'பூட்டி' வைக்கும் வசதியைத் தருகின்றன. டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி மூன்றிலும் உண்டு. மோசடிக்காரர்களிடமிருந்து காக்க வந்த ஏற்பாடு அது. பூட்டிய தொகையை ஆன்லைனில் மாற்றிவிட முடியாது, எடுப்பதற்குக் கூடுதல் சரிபார்ப்பு தேவைப்படும். நள்ளிரவுச் சபலத்திலிருந்து உங்களைக் காக்கவும் அதே பூட்டு உதவும். போன் எண்ணுக்கே பணம் அனுப்பும் பேநவ் மற்றும் பணமாற்றத்தின் அன்றாட வரம்பையும் வங்கி ஆப்பில் குறைத்துவிடுங்கள். நீங்கள் தினமும் எவ்வளவு அனுப்புகிறீர்கள்? அந்த அளவே போதும்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவதில் ஒரு சிறு தொகைதான் விளையாட்டுக்கு. சினிமா டிக்கெட் வாங்கும்போது அந்தக் காசு திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பதில்லையே, அந்தக் கண்ணோடு பாருங்கள். தோற்றால் அந்த மாதத்துக்கு அவ்வளவுதான். ஜெயித்தால், ஜெயித்த பணத்தில் பாதிக்கு மேல் உடனே வங்கிக்கு மாற்றிவிடுங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று தொகையை இரட்டிப்பாக்குவது மட்டும் எந்தச் சூழலிலும் வேண்டாம். 10, 20, 40 என்று போனால் ஏழாவது தோல்வியில் மொத்தம் 1,270 வெள்ளி போயிருக்கும். தொடர்ந்து ஏழு தோல்வி என்பது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி வரும்.

குடித்திருக்கும்போது, வீட்டில் சண்டை போட்டபின், சூப்பர்வைசர் திட்டிய நாளில் விளையாடாதீர்கள். நண்பர்களோடு கூட்டாகச் சீட்டு எடுத்தால், யார் எவ்வளவு போட்டார் என்பதைக் குழுவில் எழுதி, குலுக்கலுக்கு முன்பே சீட்டைப் படம் எடுத்துப் போட்டுவிடுங்கள். பரிசு விழுந்தபிறகு உடைந்த நட்புகள் அதிகம்.

மோசடிகள்

போலித் தளங்களின் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் 50 வெள்ளி போடச் சொல்வார்கள். 80 ஆகும். எடுத்துக் காட்டச் சொல்வார்கள், எடுக்கவும் முடியும். நம்பிக்கை வந்து 500, 1,000 என்று போட்டதும் திரையில் பணம் ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப்போனால் "வரி கட்டுங்கள்", "கணக்கைத் திறக்கக் கட்டணம்", "விஐபி ஆக இன்னும் ஆயிரம்" என்பார்கள். எடுப்பதற்கு முன் பணம் கட்டச் சொன்ன நிமிடமே தெரிந்துகொள்ளுங்கள், உள்ளே பணமே இல்லை. இன்னும் கட்டினால் அதுவும் போகும். உடனே நிறுத்தி, வங்கிக்குத் தெரிவித்து, போலீசில் புகார் கொடுங்கள். சந்தேகமாக இருக்கிறது, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்றால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

"உங்களுக்கு டோட்டோ விழுந்திருக்கு" என்று வரும் அழைப்பும் அதே ரகம். நீங்கள் வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது.

இதைவிட மோசமான வலை ஒன்று இருக்கிறது. "உன் வங்கிக் கணக்கை ஒரு மாசம் கொடு, 300 வெள்ளி தர்றேன்", "சிங்பாஸ்ல ஒரு தடவை லாகின் பண்ணிக் கொடு" என்பார்கள் (சிங்பாஸ் என்பது அரசாங்கச் சேவைகளுக்கான உங்கள் மின் அடையாளம்). கள்ளச் சூதாட்டப் பணமும் மோசடிப் பணமும் அந்தக் கணக்கு வழியாகத்தான் ஓடும். போலீஸ் வரும்போது பெயர் உங்களுடையது. இப்படிக் கணக்கையோ சிங்பாஸையோ கொடுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஊர் திரும்பும் நேரத்தில் "எப்படியும் மூடப்போற கணக்குதானே" என்று விற்றுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மூடிவிட்டு விமானம் ஏறுங்கள்.

கடன் வாங்கி ஆடாதீர்கள், வாங்கிவிட்டால்

தோற்ற பணத்தைப் பிடிக்கக் கடன் வாங்கும்போதுதான் விளையாட்டு வாழ்க்கைப் பிரச்சினையாக மாறுகிறது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற கடன் நிறுவனங்கள் மாதத்துக்கு நூற்றுக்கு 4க்கு மேல் வட்டி வாங்க முடியாது. ஆண்டு வருமானம் 10,000 வெள்ளிக்குக் குறைந்த வெளிநாட்டவருக்கு அந்த நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து மொத்தம் 500 வெள்ளிக்கு மேல் கொடுக்கக் கூடாது. அந்த வரம்பு உங்களைக் காக்கவே இருக்கிறது. உரிமம் பெற்றவர்கள் வாட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ அழைத்துக் கடன் கொடுக்கவும் கூடாது. ஆகவே "ஐஸி (அடையாள அட்டை) படம் அனுப்புங்க, அஞ்சு நிமிஷத்துல பணம்" என்று போனுக்கு வரும் எதுவும் ஆலோங்தான், கள்ள வட்டிக்காரர்தான். அவர்களிடம் உங்கள் முகவரி, முதலாளி பெயர், ஊரில் மனைவியின் எண் எல்லாம் போய்விடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அவர்களுக்கு வேலை செய்து கடனைக் கழிக்கச் சொல்வார்கள்: இன்னொருவர் வீட்டுக் கதவில் பெயின்ட் ஊற்றுவது, ஏடிஎம்மில் பணம் எடுத்துக் கொடுப்பது. அதைச் செய்தால் கடனாளி என்ற நிலை மாறிக் குற்றவாளி ஆகிவிடுவீர்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு போலீசுக்குப் போங்கள்.

கை மீறுகிறது என்று எப்போது தெரியும், என்ன செய்வது?

வீட்டுக்கு அனுப்பும் தொகை குறைகிறது, அதற்கு நீங்கள் ஒரு பொய் சொல்கிறீர்கள் என்றால் அதுவே போதுமான அறிகுறி. தொகை 20 வெள்ளியா 2,000 வெள்ளியா என்பது இரண்டாவது விஷயம். இரவில் தூங்காமல் போனைப் பார்ப்பது, வேலையிடத்தில் கழிவறைக்குப் போய்ப் பந்தயம் கட்டுவது, "இந்த ஒரு தடவை ஜெயிச்சா விட்டுடறேன்" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்வது எல்லாம் அதன் பிறகு வருபவை.

அந்த நிலையில் மனஉறுதியை மட்டும் நம்பாதீர்கள், தடைகளைப் போடுங்கள். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம், என்சிபிஜி என்பார்கள், சுயவிலக்கு என்ற வசதியை இலவசமாகத் தருகிறது. சிங்பாஸ் மூலம் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இரண்டு கேசினோக்கள், பூல்ஸ் ஆன்லைன் கணக்கு, கிளப்புகளின் ஜாக்பாட் இயந்திர அறைகள் ஆகியவற்றிலிருந்து உங்களை நீங்களே விலக்கிக்கொள்ள முடியும். குறைந்தது ஓராண்டுக்கு அதை நீங்கள் நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. அதுதான் அதன் பலம். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் கேசினோவுக்குள் போக ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும், வெளிநாட்டவருக்கு அந்தக் கட்டணமே இல்லை. நமக்கு அந்த வாசல் இலவசமாகத் திறந்திருப்பதால், பிரச்சினை எதுவும் வருமுன்பே சுயவிலக்கு எடுத்துவைக்கும் ஊழியர்கள் ஏராளம். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. வேலைக்கு வந்த முதல் வாரமே செய்துவிடலாம் என்பேன்.

சுயவிலக்கு சட்டவிரோத ஆப்களைத் தடுக்காது என்பதையும் மறக்கக் கூடாது. அவற்றுக்கு நீங்கள்தான் கதவடைக்க வேண்டும்: ஆப்பை நீக்குங்கள், ஏஜென்டின் எண்ணைத் தடுத்துவிடுங்கள், அந்த டெலிகிராம் குழுவிலிருந்து வெளியேறுங்கள், நம்பகமான ஒருவரிடம் சொல்லிச் சில மாதம் பணத்தை அவர் கண்காணிப்பில் வையுங்கள்.

பேசுவதற்கு எண்கள் இவை. என்சிபிஜி உதவி எண் 1800-6-668-668. மனநலக் கழகத்தில் இயங்கும் தேசியப் போதைப்பழக்கச் சிகிச்சைச் சேவை, சூதாட்டப் பழக்கத்துக்கும் சிகிச்சை தருகிறது: 6732 6837. வெளிநாட்டு ஊழியர்களுக்காக இயங்கும் ஹெல்த்சர்வ் அமைப்பின் 24 மணி நேர எண் 3129 5000. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், எந்த நேரமானாலும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767க்கு உடனே அழையுங்கள். பணம் எவ்வளவு போயிருந்தாலும் அது திரும்பச் சம்பாதிக்கக்கூடியதே. உங்கள் வீட்டாருக்கு நீங்கள் வேண்டும்.

நண்பர் மாட்டிக்கொண்டிருந்தால்

பெரும்பாலும் அறை நண்பர்தான் முதலில் கவனிக்கிறார். கடன் கேட்பது கூடும், சாப்பாட்டுப் பங்குக் காசு தாமதமாகும், கேட்டால் எரிந்துவிழுவார். அவர் கடனை நீங்கள் அடைக்காதீர்கள். அடைத்த அன்று இரவே அந்தத் தொகை மறுபடி ஆட்டத்துக்குப் போவதைத்தான் பலமுறை பார்க்கிறோம். அதற்குப் பதில் ஒரு வேளை சாப்பாடு வாங்கிக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து, "எவ்வளவு ஆச்சு?" என்று மெதுவாகக் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். முதல் தடவை பொய்த் தொகைதான் வரும். கோபப்படாமல் இன்னொரு நாள் கேளுங்கள். முழுத் தொகையும் ஒரு தாளில் எழுதப்பட்டபிறகு, உதவி எண்ணுக்கு அழைக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். சுயவிலக்குப் படிவத்தைச் சேர்ந்தே நிரப்புங்கள்.

ஊரில் இருக்கும் மனைவிக்கோ அம்மாவுக்கோ சந்தேகம் வந்தால், சண்டையில் தொடங்க வேண்டாம். "இந்த மாசத்திலிருந்து சம்பளம் வந்த அன்னிக்கே அனுப்பிடுங்க, இங்க சீட்டுக் கட்டணும்" என்று ஒரு நாளைக் குறித்துக் கேளுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து அந்த நாள் தவறினால், கம்பெனிக்கு எழுதாமல், முதலில் அவருடைய அறை நண்பர் ஒருவரிடம் பேசுங்கள்.